திரும்பி வராத காளை

வளைந்துபோன காலில் எலும்பைக் கொஞ்சம் வெட்டி, நேராக நிமிர்த்தி வைப்பதில் நாரை வைத்தியர் கெட்டிக்காரர். ஒருநாள், கால் வளைந்து மூட்டு தேய்ந்த செங்கமலம் என்ற குதிரை நொண்டிக்கொண்டே அவரிடம் வந்தாள்.

"வெட்டிக்கிட்டா எத்தனை வருஷம் தாங்கும், வைத்தியரே?"

நாரை திருதிருவென்று விழித்தார். "திரும்பி வர்றவங்க எல்லாம் மறுபடி வலிக்குதுன்னுதாம்மா வர்றாங்க. மத்தவங்க என்ன ஆனாங்கன்னே எனக்குத் தெரியாதே!"

குதிரையின் முகம் வாடிவிட்டது. நாரைக்கு மனசு கேட்கவில்லை. இதுவரை கால் நிமிர்த்திய பத்துப் பேரையும் தேடிப் பறந்தார். இரண்டு பேர் நொண்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற எட்டுப் பேரும் நன்றாக நடந்தார்கள். அதிலும் முதன்முதலாக வெட்டிக்கொண்ட காளை மருதன், மலைச்சரிவில் குதித்துக் குதித்து ஏறிக்கொண்டிருந்தான்.

"அடேய் மருதா, பன்னிரண்டு வருஷமாச்சு! ஒருதடவைகூட என்னை வந்து பார்க்கலையேடா!"

"வலிச்சாத்தானே வரணும்?" என்றான் காளை, நிற்காமலே.

நாரைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பத்துக்கு எட்டு! பன்னிரண்டு வருஷம்! மலை ஏறுறான்!" என்று வானத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்து இறங்கினார்.

செங்கமலம் அதற்குள் படுத்துக் காலை நீட்டியிருந்தாள்.

"வெட்டுங்க வைத்தியரே! வலிக்காட்டாலும் வருஷா வருஷம் வந்து ஓடிக் காட்டுறேன்."