டூப்ளிகேட் காயில்

"டூப்ளிகேட் காயில் மாட்டி ஏமாத்திட்டேன்னு என்னையத்தானே சொன்னீங்க டீச்சர்? இன்னைக்கு எல்லார் முன்னாலயும் கழட்டிப் பாத்துருவோம்."

ஞானசிகாமணி டூல்ஸ் பையோடு நேரே ஹாலுக்குள் வந்து நின்றார். பாளையங்கோட்டையில் மிக்ஸி, கிரைண்டர், கரண்டு ஓவன் எது மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் வரைக்கும்.

லில்லி டீச்சர் வீட்டில் அன்றைக்குப் பெண்கள் சங்கத்தின் ஜெபக்கூட்டம். ஜெபம் முடிந்து எட்டுப் பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாளைக்கு முன்னால் டீச்சர் சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்: 'சிகாமணி போன வருஷம் என் கேக் ஓவனில் மாட்டிய காயில் டூப்ளிகேட். எரிந்துவிட்டது. சனிக்கிழமை என் வீட்டில் நடக்க இருந்த கிறிஸ்துமஸ் கேக் வகுப்பு கிடையாது.'

கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள். பொம்மை போட்ட கையோடு மூன்று வீட்டில் அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று.

"ஆளுக இருக்காக சிகாமணி. பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் டீச்சர்.

"ஆளுக இருக்கும்போதே பாக்கணும்னுதான் வந்தேன். என் காயில்ல கோளாறுன்னா இந்த ஊர்ல இனி ஸ்குரூ டிரைவரையே தொடமாட்டேன். இல்லேன்னா, நீங்க அதே வாட்ஸ்அப்புல திருத்திப் போடணும்."

"பாக்கட்டும் டீச்சர்" என்றாள் டார்லின். பேங்க் மேனேஜர் பெண்டாட்டி. "செய்யுததையும் செஞ்சுட்டு, சத்தம் வேற போடுதாரு."

சிகாமணி அடுக்களைக்குள் போனார். டீச்சர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

பிளக்கைப் பிடுங்கி, ஓவனின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார் சிகாமணி. கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

காயிலின் முனையில் மண் உருண்டை. ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டினார். உள்ளே புழு நெளிந்தது.

"டீச்சர், சிவப்பா பழுக்குத காயில் இது. இதுல குளவி கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கிட்டிருக்கு."



மீட்டரை வைத்துப் பார்த்தார். காயில் முழு உயிரோடு இருந்தது.

"நான் மாட்டுன அன்னைக்கு ரெண்டு நிமிஷம் போட்டுப் பாத்ததுதான். அதுக்கப்புறம் நீங்க சுவிட்சைத் தொடவே இல்ல. அப்ப போன கிறிஸ்துமஸ் கேக்கு? ஈஸ்டருக்கு நம்ம சர்ச்சு ஐயரம்மாவே ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்னாங்களே, அந்த கேக்கு?"

"வண்ணாரப்பேட்டையில ஒரு பேக்கரி" என்றார் டீச்சர், பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டு. "டப்பாவை மட்டும் மாத்திருவேன்."

"நல்லா இருக்கு டீச்சர். பொய் சொன்னது நீங்க. பேரு கெட்டது எனக்கா?"

"கை நடுங்குது சிகாமணி. மாவு அடிக்க முடியல. புதுக் காயில் போட்டா எல்லாம் சரியாப் போகும்னு நினைச்சேன். எங்க? இவ்வளவு பேர் முன்னால நின்னு சொல்லிக்குடுன்னு சொன்னா நான் என்னத்த செய்ய? கேக்கும் இல்லேன்னா இந்த வாசல்ல எவ வந்து மிதிப்பா?"

சிகாமணிக்கு வந்த ஆத்திரத்தில் ஓவனைத் தூக்கிக்கொண்டு போய் ஹால் நடுவே வைத்திருப்பார். ஆனால் டீச்சரின் வலது கை, இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுமே ஆடிக்கொண்டிருந்தன.

"கோட்டிக்காரன் மாதிரி வந்து மாட்டிக்கிட்டேன்" என்று முனகினார்.

காயிலைக் கழற்றிப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"தப்பு என்னுதுதான். கடைக்காரன் குடுத்ததைப் பாக்காம மாட்டிட்டேன். சரியான காயில் மெட்ராஸ்ல இருந்து வரணும். பண்டிகை கழிஞ்சுதான் கிடைக்கும்."

பத்து நிமிஷத்துக்கு முன்னால் சகல ஜனங்களுக்காகவும் உருகி ஜெபித்த வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன.

"உள்ள வரும்போது என்ன துள்ளு துள்ளுனாரு."

"எங்க வீட்டு மிக்ஸியில என்னத்த மாட்டி வச்சிருக்காரோ."

"சபை ஊழியக்காரங்க வீட்டுலயே இந்த வேலை பாத்தவருதானே, டீச்சர் வீடுன்னா விடுவாரா?"

அவர் எந்த ஊழியக்காரர் வீட்டிலும் கால் வைத்ததில்லை. பேப்பர் பொட்டலத்தைப் பைக்குள் போட்டார்.

"அதை விடுங்க, வகுப்புக்கு என்ன வழி?" என்றாள் யூனிஸ், சங்கத்துச் செயலாளர். "பேசாம டார்லின் வீட்டுல வச்சுக்கிடுவோம். வருஷா வருஷம் அவ குடுத்து விடுத பிளம் கேக்கு என்ன லேசுப்பட்டதா? டீச்சருக்கு அடுத்தது அவதான்."

"ஆமா ஆமா, டார்லின் வீடுதான்" என்றார்கள் எல்லாரும்.

டார்லினின் காபி டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. நின்றது கொஞ்ச நேரம்தான். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் அடங்கிப் போனார்கள்.

"எல்லாம் இந்த மனுஷனால வந்தது. இவரை இனிமே எவளும் வீட்டுப் படி ஏத்தாதீங்க. சொல்லிட்டேன்."

சிகாமணி வெளியே வந்து பையை பைக்கில் கட்டினார். பாளையங்கோட்டையில் பிழைப்பு முடிந்தது. இனி தச்சநல்லூர்ப் பக்கம் போய் ஒண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பைக்கை உதைக்கப் போனபோது பின்னால் செருப்புச் சத்தம். டார்லின். வீட்டு வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்டத்தில் வந்தாள். உள்ளே கேட்ட குரல் இல்லை இது. சர்க்கரைப் பாகு.

"அண்ணாச்சி, சனிக்கிழமை வகுப்பாம். நீங்க வெள்ளிக்கிழமையே வந்து எங்க வீட்டுக் காயிலையும் எரிச்சு விட்டுட்டுப் போயிருங்க."