யார் நம்பர் ரெண்டு?

"அந்த ஆளு ஒண்ணு, நான் ரெண்டா? முடியவே முடியாது!"

நெரெய்தா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நடுச்சுவரின் துளை வழியாக வந்த நெட்வொர்க் கேபிளை அவளுடைய கம்ப்யூட்டரில் செருகிக்கொண்டிருந்த தமாரா தலையில் அடித்துக்கொண்டாள். தமாரா கீழ்வீட்டுக்காரி. ஹவானாவில் அந்தத் தெருவின் பாதி வீடுகளுக்கு மொட்டைமாடி வழியாகக் கேபிள் இழுத்துக் கொடுத்தவள். அங்கெல்லாம் வராத வம்பு இங்கே வந்தது.

"அக்கா, அது ஆளுக்குப் போடுற நம்பர் இல்ல, மெஷினுக்கு. வேற வேற நம்பர் இருந்தாதான் ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிக்கும். நீங்களும் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க, அண்ணனும் ஒண்ணுன்னு போட்டிருக்காரு."

"அந்த ஆளை மாத்தச் சொல்லு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எவேலியோ குரல் கொடுத்தான். "வீடியோ எங்கிட்ட இருக்கு. அப்போ நான்தான் ஒண்ணு!"

இவ்வளவு கூத்தும் அந்த வீடியோவுக்காகத்தான். நெரெய்தாவின் மகள் லிஸ்பெத்துக்கு உருகுவேயில் கல்யாணம் நடந்தது. விமானச் சீட்டுக்கு வழியில்லாத தாய் இங்கே உட்கார்ந்து அழுதாள். அங்கிருந்து வந்த ஒருவர் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுவந்த நேரம், அவள் ரொட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அதை எவேலியோவின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் பென்டிரைவோடு போய்விட்டார்.

"இந்தப் பக்கம் வந்து பாத்துட்டுப் போயேன். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"உன் பக்கம் கால் வைக்க மாட்டேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்யா!"

"பிடிவாதத்துல கழுதைகூட உங்கிட்ட தோத்துடும்."

"தினம் என் காபியை மட்டும் மோப்பம் பிடிக்கத் தெரியுதில்ல?"

தமாராவுக்குப் பொறுமை போய்விட்டது. "கரண்ட் போற நேரமாச்சு. போச்சுன்னா எப்ப வருமோ தெரியாது. அப்புறம் அந்த நம்பரை வெச்சு நாக்கு வழிங்க ரெண்டு பேரும்!"

நெரெய்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சரி விடு, நான் ரெண்டு. அழாத."

அதற்குப் பிறகுதான் தமாராவே திரும்பிப் பார்த்தாள். நெரெய்தாவின் கன்னம் நனைந்திருந்தது.

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. திரையில் வெள்ளை உடுப்பில் லிஸ்பெத் வந்து நின்றாள். பெற்றவளுக்கு மனசு பொங்கிவிட்டது.

"அம்மா! அப்பா! ரெண்டு பேரும் பாக்குறீங்களா?" என்றாள் லிஸ்பெத். "நம்ம ரூம் நடுவுல ஒரு ஒட்டுப்பலகையை அடிச்சு வெச்சிருக்கீங்களே, இன்னிக்கு ஒரு நாள் அதைக் கழட்டிட்டு, பக்கத்துல பக்கத்துல உக்காந்து என்னை ஆசீர்வாதம் பண்ணுங்க."

கோர்ட் அவர்களுக்கு விவாகரத்துக் கொடுத்துப் பல வருடம் ஆகியும், ஹவானா இன்னொரு வீடு மட்டும் கொடுக்கவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நெரெய்தா... ஸ்க்ரூடிரைவர் உன் பக்கம் இருக்கா?"