மஞ்சள் குழிகள்

ஆய்வகத்தின் ஒற்றை ஜன்னலில் காலை வெயில் விழுகிறது. பரிசோதகி, வைரஸ் ஏற்றிய வெள்ளணுக்கள் வளரும் குழித்தட்டை அதில் தூக்கிப் பிடிக்கிறாள். அணுக்கள் பெருகி அமிலம் கூடினால் மஞ்சளாகும் சாயம் கலந்த நீர் அது. வைரஸ் மருந்து போடாத குழிகளில் நீர் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. போட்ட குழிகளில் எலுமிச்சை மஞ்சள். எட்டிப் பார்க்கும் தலைமை ஆய்வாளர் கைதட்டுகிறார்.

“மஞ்சளாயிடுச்சே! அமோகமா வளருதும்மா.”

“வளரல சார். எண்ணிப் பாத்துட்டேன், பாதிக்கு மேல செத்துக் கிடக்கு.”

மரபணு எழுத்தைப் போல வேஷம் கட்டிய மருந்து வைரஸை ஏமாற்றியதோடு நிற்கவில்லை. வெள்ளணுவின் எரிசக்தி உலைக்குள்ளும் புகுந்து அதை அணைத்திருக்கிறது. மிச்சமிருக்கும் அணுக்கள் சர்க்கரையை அரைகுறையாக எரித்து அமிலத்தைக் கக்குகின்றன. மஞ்சள் அதனால்தான்.

“வைரஸ்?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்புறமென்ன, ஜெயிச்சாச்சு!” விசிலடித்தபடி போகிறார்.

கைபேசி அதிர்கிறது. இதே மருந்தை ஆறு மாதமாக விழுங்கும் தம்பி.

“அக்கா, ரிப்போர்ட் வந்துடுச்சு. வைரஸே இல்லையாம். டாக்டர் கைகுடுத்தாரு.” அவனுக்கு மூச்சு இரைக்கிறது.

“எங்கடா இருக்கே?”

“நம்ம மாடிப்படியிலதான். ஸ்வீட் வாங்கிட்டு வந்தேன்க்கா. நாலாவது படியிலயே உக்காந்துட்டேன்.”