சோதனை அறிவித்தல்

பள்ளிவாசல் அலுவலகக் கணினியில் புதிதாகப் போட்ட மென்பொருளில், செயலாளர் இஸ்ஸதீன் சோதனைக்காக ஒரு ஜனாஸா அறிவித்தலை, அதாவது மரண அறிவித்தலை, அடித்துப் பார்த்தார். அப்போது இணையம் இல்லை. அழிக்காமலே எழுந்து போய்விட்டார். இணையம் வந்ததும் கணினி அதைத் தானாகவே இணையச் சேவைக்கு அனுப்பிவிட, ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் கல்முனைக்காரர் எல்லாருடைய போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

பதறிப்போய் மென்பொருள் கம்பனிக்குக் கோல் எடுத்தார்.

"தம்பி, அத உடனே அழிக்கணும். கட்டாரில மகள் மாசமா இருக்காள். வேல முடிஞ்சு போனத் திறந்தா முதல்ல அதத்தான் பாப்பாள்."

"கணினியில அழிச்சாக் காணாது காக்கா. செயலாளர்ட கணக்கால இணையத்துக்குள்ள போய்த்தான் அழிக்கணும்."

"அது உள்ள விடுதில்லயே."

"இருங்க, பாக்கன்... ஓம், அந்தக் கணக்கு மூடிக் கிடக்கு."

"ஆர் மூடின?"

"ஆரும் மூடல்ல காக்கா. அறிவித்தல்ல பேர் வந்த ஆள்ட கணக்கு தானா மூடுபடும்."

உயிரோடிருக்கும் இன்னொருவரின் பெயரைப் போட மனம் வராமல், இஸ்ஸதீன் காலமான 'மர்ஹூம்' ஆகத் தன் பெயரையே போட்டிருந்தார்.

மறுமுனையில் குரல் தணிந்தது.

"இன்னாலில்லாஹி... நீங்க மர்ஹூமுக்கு என்ன முறை காக்கா?"