கடைசி அளவு

தீயணைப்பு வேலையில் சேர, பூங்கோதைக்கு மூச்சிழுப்பு நோய் இல்லையென்று ஆஸ்பத்திரி சான்று தர வேண்டும். இழுப்பு இருந்தால் வெளியே வரும்படி மூச்சுக்குழாயைச் சீண்டிப் பார்க்கும் மருந்துப் புகையை, வீரியம் கூட்டிக் கூட்டி, நர்ஸ் எஸ்தர் உறிஞ்சக் கொடுத்தாள்.

“காலையில இன்ஹேலர் எதுவும் அடிக்கலையேம்மா?”

“எனக்கெதுக்குக்கா அதெல்லாம்?”

ஆஸ்பத்திரி வாசலில் அடித்துவிட்டு, கையோடு அதைச் சாக்கடையில் எறிந்திருந்தாள்.

கடைசி அளவுக்கும் மூச்சு குறையவில்லை. “இரும்பு நெஞ்சும்மா உனக்கு. சான்று எழுதி வாங்கிட்டு வந்துடறேன், இரு” என்ற எஸ்தர், மூச்சு திணறினால் கொடுக்க மேசைமேல் தயாராக வைத்திருந்த அவசர மருந்தைக் கையிலெடுத்தாள். “இனி இது உனக்கு வேண்டாம். பக்கத்து ரூம்ல கேட்டாங்க.”

கதவு சாத்திக்கொண்டது. சற்றைக்கெல்லாம் பூங்கோதையின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. எஸ்தரைக் கூப்பிட வாயெடுத்தாள். வராந்தாவில் யாரிடமோ பேனா கேட்கும் எஸ்தரின் குரல் காதில் விழுந்தது.

சத்தம் வெளியே கேட்டுவிடாதபடி, இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.