பதினாலு மில்லி பள்ளம்

"பதினாலு மில்லி பள்ளம். ரிஜெக்ட்."

ஆழம் அளந்த வெர்னியர் அளவியைத் துடைத்து உறையில் போட்டான் அன்புசெல்வன். தேர்வாய் கண்டிகையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டால், மேனேஜரே கெஞ்சினாலும் பாகம் கேட்டைத் தாண்டாது.

இப்போது அவன் ரிஜெக்ட் செய்தது, எளாவூரில் தன் வீட்டு அடுப்படியில் தானே சுட்ட ஸ்பாஞ்ச் கேக்கை.

"வாயில போட்டா பள்ளம் மேடு தெரியவா போவுது? வுடுங்க, வீணாக்காம நாங்க சாப்ட்டுக்குறோம்" என்றாள் மனைவி காயத்ரி. அப்பா தணிகாசலம் கத்தியை எடுத்து வந்தார்.

இது நாலாவது பள்ளம். முதன்முதலில் சுட்டது மட்டும் பஞ்சு மாதிரி வந்திருந்தது. விரலால் அழுத்தினால் எழும்பி நின்றது. "பாஸான மாலு வெளிய போவணும். ரிஜெக்ட்டுதான் உள்ளயே நிக்கும்" என்று அதை முழுசாக டப்பாவில் வைத்து, 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டி, கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டான். தட்டில் ஒட்டியிருந்த தூளைத் தணிகாசலம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

கம்பெனியில் இருபத்திரண்டு பேர் ஒரு தூள்கூட விடாமல் தின்றுவிட்டு, "பேக்கரில வாங்கினு வந்து கதை வுடுறான்" என்று தீர்ப்பு சொன்னார்கள். கடைசியில் ஒரு சலுகை தந்தார்கள். "மேனேஜரு மாத்தலாகிப் போறாருல்ல, அந்தப் புதன்கிழமை இன்னொண்ணு சுட்டுக்கினு வா. நம்புறோம்." கொண்டுபோகாவிட்டால், ஓய்வு பெறும் வரைக்கும் அவன் பெயர் 'பேக்கரி அன்பு'தான்.

புதனுக்கு இன்னும் மூன்று நாள். அன்புசெல்வன் காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தான். கம்பெனியில் குறை வந்தால் காரணம் தேட, மீன்முள் மாதிரி ஒரு படம் வரைவார்கள். முதல் முள், பொருள்: குளிர்விட்டுப் போன மூன்று முட்டை, மூன்று தடவை சலித்த மைதா. பாஸ். அடுத்தது முறை: முட்டையும் சர்க்கரையும் நுரைத்து இரண்டு மடங்காகும்வரை அடித்தாயிற்று, மாவை நுரை உடையாமல் மெல்லக் கலந்தாயிற்று. பாஸ். மெஷின்: அடியில் உப்பு பரப்பிய குக்கர், விசில் இல்லை, ரப்பர் இல்லை. அதுவும் பாஸ். கடைசி முள், ஆள். அதில் 'அன்புசெல்வன்' என்று எழுதிப் பார்த்துவிட்டு, உடனே பாஸ் போட்டான்.

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். "முள்ளு போட்டுக்கீறியே, மீனு எங்கடா?"

"சும்மா இரு நைனா. எல்லாம் இந்த லாரிங்க பண்ற வேலை. செக்போஸ்ட்டாண்ட பிரேக் அடிக்கிறான், ஊடு பூரா குலுங்குது. கேக்கு பாதி வெந்துக்கினு கீற நேரத்துல குலுங்குனா, உள்ள கீற காத்து எறங்கிப் பள்ளமாயிடும். மூடியத் தொறந்தாலும் அதே கதிதான். அதுக்குத்தான் யாரையும் அடுப்படிக்கே வுடுறதில்ல நானு."

அது உண்மைதான். குக்கர் அடுப்பில் ஏறிவிட்டால், தண்ணீர் குடிக்கப் போகும் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதி கிடையாது.

"அந்த லாரிக்காரங்களுக்கு நம்ம கேக்கு மேல இன்னா கோவமோ பாவம்" என்றாள் காயத்ரி, முகத்தை மாற்றாமல்.

புதன்கிழமை அவனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலையிலேயே அடுப்பின் நாலு காலுக்கும் ரப்பர் ஷீட் வெட்டி வைத்தான். கேக் ஏறிய இரண்டாவது நிமிஷம் வயல் மோட்டாருக்கான த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது. நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அன்புசெல்வன் வாசலில் நாற்காலி போட்டு, போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிஷத்தில் அறுபத்திமூன்று.

மூடியைத் திறந்தான். நடுவில் மெல்ல உப்பி, பொன்னிறத்தில் உட்கார்ந்திருந்தது கேக். அழுத்தினான், எழும்பியது. வெர்னியரை வைத்தான், பள்ளம் பூஜ்யம்.

"காயத்ரி! பாத்தியா? ரப்பர் ஷீட்டு! நா சொல்லல?"

"ஆமாங்க" என்றாள் காயத்ரி. குரலில் சந்தோஷம் கொஞ்சம் குறைவாக இருந்த மாதிரி தெரிந்தது. "ஓரமா ஒரு துண்டு மட்டும்..."

"மூச்! வெட்டுனா நம்ப மாட்டானுங்க. முழுசா போவணும்."

டப்பா, 'ஓகே' ஸ்டிக்கர், பைக். ஒரு மணிக்குக் கிளம்பியவன் தெருமுனை தாண்டும்போதுதான் தலையில் ஹெல்மெட் இல்லாதது தெரிந்தது. கம்பெனி கேட்டில் உள்ளே விட மாட்டார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வாசலில் கால் வைத்தான்.

காலில் வயல் சேறு காயாமல், கையில் கத்தியோடு, வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார் தணிகாசலம். எதிரே இடுப்பில் கைவைத்துக்கொண்டு காயத்ரி.

"ஒரு தபா மூடியத் தொறந்துட்டு வயலுக்குப் போயிருக்கக் கூடாதா மாமா?"