மழை வருவதற்குள்

மதிற்சுவர் ஒன்றில் ஒரு நத்தை நாவல் எழுதிக்கொண்டிருந்தது. அது ஊர்ந்த ஈரத் தடம்தான் எழுத்து. முதல் வரி சரியில்லை என்று திரும்பத் திரும்ப வந்து அதை அழித்துக்கொண்டே இருந்ததால், கடலைத் தேடிப் புறப்பட்ட அதன் கதாநாயகியான நத்தைப்பெண் மாதக்கணக்கில் வாசலிலேயே நின்றாள்.

“மேகம் கறுத்துவிட்டது. மழை வருவதற்குள் முடித்துவிடு பார்க்கலாம்!” என்றது பல்லி.

நத்தை நகர்ந்தது. பாதியில் ஓர் எழுத்துப் பிழை.

“திரும்பினால் தொலைந்தாய்!” என்று பல்லி கத்தியது.

இடி இடித்தது. யோசிக்க நேரமில்லாத அந்த அவசரத்தில், கூப்பிடாமலே ஒரு நண்டு கதைக்குள் நுழைந்து கதாநாயகியின் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நத்தையே திடுக்கிட்டது. ஓடு இல்லாமல் அவள் என்ன செய்வாள்? அதைத் தெரிந்துகொள்ளவே மூச்சிரைக்க எழுதியது. கடைசி வார்த்தையும் முதல் தூறலும் ஒன்றாக விழுந்தன.

பெருமழை சுவரைத் துடைத்துவிட்டது.

“ஐயோ, எல்லாம் போச்சே!” என்று பல்லி தலையில் அடித்துக்கொண்டது.

“அவள் ஓடு இல்லாமலே கடலுக்குள் இறங்கிவிட்டாள், தெரியுமா?” என்றது நத்தை. “பக்கத்தில் வேறு சுவர் இருக்கிறதா? இந்தத் தடவை நண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.”